அந்த விடைத்தாளை அடித்தவள் நான்

சரசுக் கண்ணுக்கு,

நீ போய் ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. உனக்கு நான் ஒரு வரிகூட எழுதவில்லை. எழுத உட்கார்ந்தால் உண்மையை எழுத வேண்டியிருக்கும், அதற்குப் பயந்துகொண்டுதான் தள்ளிப்போட்டேன். இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. வாசலில் சைக்கிள் மணி கேட்டால் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.

உனக்கு மட்டும் எழுதிப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிடலாம். ஆனால் எட்டு வருஷமாக நான் செய்துகொண்டிருந்ததும் அந்தப் பூட்டி வைக்கிற வேலைதானே? அதனால் இதை ஒரு மாத இதழுக்குக் கொடுக்கப் போகிறேன். படிக்கிறவர்களுக்கு உன்னையும் தெரியாது, என்னையும் தெரியாது. உனக்குத் தெரிந்ததையே உனக்குத் திருப்பிச் சொல்ல வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்.

நீயும் நானும் ஒரு சின்ன ஊர்க் கோர்ட்டில் நகல் பிரிவில் தட்டச்சர்கள். எனக்கு ஊர் பள்ளிபாளையம், தறிக்காரர் வீடு. லாரிக்குப் பாடி கட்டும் பட்டறையில் வேலை செய்கிறவருக்கு வாக்கப்பட்டு இங்கே வந்தேன். நீ எருமப்பட்டியிலிருந்து தினமும் பஸ்ஸில் வருவாய். அப்பா இல்லை. அம்மாவும் தங்கை வசந்தியும், நிலக்கடலை போடுகிற கொஞ்சம் காடும். கல்யாணப் பேச்சை எடுத்தாலே, "வசந்தி படிச்சு முடிக்கட்டுங்க்கா" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவாய்.

தபால் வழியில் பி.ஏ. படிக்கலாம் என்று விளம்பரத்தைக் கத்தரித்துக்கொண்டு வந்தது நீதான். நான் தயங்கினேன். "தீர்ப்பு தீர்ப்பா அடிக்கிறமே, இதெல்லாம் எதுக்குன்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்று கேட்டாய். இரண்டு பேரும் சேர்ந்தோம். பழுப்பு உறையில் பாடங்கள் வர ஆரம்பித்தன. அரசியல், சட்டம், சமூகம் ஆகியவற்றின் தத்துவம், அறிமுகப் பாடங்கள். மை சரியாக ஒட்டாத சைக்ளோஸ்டைல் தாள்கள். சாப்பாட்டு இடைவேளையில் பதிவேட்டு அறையின் பின்பக்கம் உட்கார்ந்து, ஒருத்தி சாப்பிட ஒருத்தி வாசிப்போம்.

முதல் பாடத்தில் இருந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அரசு என்று ஒன்று வருவதற்கு முன்னால் மனிதர்கள் ஒருவருக்கொருவர் பயந்து வாழ்ந்தார்களாம். அந்தப் பயம் தாங்காமல் எல்லோரும் ஓர் ஒப்பந்தம் செய்து, அதிகாரத்தை ஒருவரிடம் ஒப்படைத்தார்களாம். நீ சோற்றுக் கையோடு நிமிர்ந்தாய்.

"ஒப்பந்தம்னா சாட்சி கையெழுத்து வேணுமில்லீங்க்கா? எந்த சப்-ரிஜிஸ்தார் ஆபீஸ்ல பதிஞ்சாங்களாம்?"

எனக்குச் சிரித்துப் புரையேறிவிட்டது. நீ சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "சரி, ஒருத்தர ஒருத்தர் பயந்துக்கிட்டு அந்த ஒருத்தர்கிட்டப் போனாங்க. அந்த ஒருத்தரப் பாத்தே பயம் வந்தா யாருகிட்டப் போறது?" என்றாய்.

"அடுத்த பாடத்துல வரும்" என்றேன்.

அடுத்த பாடம் வருவதற்குள் நெருக்கடி நிலை வந்துவிட்டது. ஆரம்பத்தில் நம் பக்கம் அதன் சூடு அவ்வளவாகத் தெரியவில்லை. இங்கே மாநில ஆட்சியைக் கலைத்த பிறகுதான் எல்லாம் மாறியது. டீக்கடையில் பேப்பரைச் சத்தமாக வாசிப்பதை நிறுத்தினார்கள். தினமும் கோர்ட்டுக்கு வந்துகொண்டிருந்த ஒரு வக்கீல் குமாஸ்தாவைக் காணோம். எங்கே என்று யாரும் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்று யாரும் சொல்லவும் இல்லை. எப்படி எல்லோருக்கும் ஒரே நாளில் தெரிந்தது, சரசு?

அந்த மாதம் நாம் அனுப்ப வேண்டிய விடைத்தாளுக்கு வந்த கேள்வி: அநீதியான சட்டத்துக்கும் கீழ்ப்படிய வேண்டிய கடமை குடிமக்களுக்கு உண்டா?

நீ பேனாவில் எழுதி அனுப்பினாய். நான் வயிற்றில் ஏழு மாதப் பிள்ளையோடு இருந்தேன். குனிந்து எழுதினால் மூச்சு முட்டியது. ஒரு நாள் மதியம் பிரிவில் ஆள் இல்லாதபோது, ஆபீஸ் இயந்திரத்திலேயே அடித்தேன். பழக்க தோஷம், கார்பன் வைத்தே அடித்தேன். மூலத்தில் மட்டும் பேனாவால் என் பெயரை எழுதித் தபாலில் போட்டுவிட்டு, நகலை மேஜை இழுப்பறையில் மறந்துவிட்டேன். அந்த மேஜை நம் இரண்டு பேருக்கும் பொது.

பத்து நாள் கழித்து அந்த நகல் சிரஸ்தாரின் கையில் இருந்தது. ஆபீஸ் நிர்வாகம் முழுக்க அவர் பொறுப்பு. அவர் கெட்டவர் என்று நான் சொல்ல மாட்டேன். அவரும் பயந்திருந்தார். தன் ஆபீஸில் இப்படி ஒரு காகிதம் கிடந்தது வேறு யார் மூலமாவது வெளியே தெரிந்தால் என்ன ஆகும் என்று பயந்து, அவரே போலீஸில் போய்ச் சொல்லிவிட்டார்.

நம் இருவரையும் அவர் அறைக்குக் கூப்பிட்டார்கள். அங்கே மப்டியில் ஒரு போலீஸ்காரர் உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டை, வாரிச் சீவிய தலை. நாற்காலியைக் காட்டி என்னை உட்காரச் சொன்னார். அந்த மரியாதைதான் என்னை அதிகமாக நடுங்க வைத்தது. பிறகு அந்தத் தாளிலிருந்து வாசித்தார், நிறுத்தி நிறுத்தி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி.

"சட்டத்துக்குக் கீழ்ப்படிவது வேறு, பயந்து அடங்குவது வேறு. பயந்து அடங்குகிறவர் சட்டத்தை மதிக்கவில்லை, தடியைத்தான் மதிக்கிறார்."

வாசித்துவிட்டுத் தாளை மடித்தார். "இதை அடிச்சது யாரும்மா?"

என் வாக்கியம் அது. ஒவ்வொரு எழுத்தும் என் விரல். நான் வாயைத் திறந்தேன், சரசு. உனக்குத் தெரியும், நான் திறந்தேன். சத்தம் வரவில்லை. பிள்ளை உள்ளே ஒரு பக்கமாகப் புரண்டது. அப்போது நான் எதை நினைத்தேன் என்று பல முறை யோசித்துப் பார்த்திருக்கிறேன். பிள்ளையை நினைத்தேன் என்று சொன்னால் கேட்பதற்கு நன்றாக இருக்கும். நான் ஒன்றையும் நினைக்கவில்லை. பயந்தேன், அவ்வளவுதான்.

"நாந்தானுங்க அடிச்சேன்" என்றாய்.

அவர் உன்னைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார். "உங்களுக்கு இது தெரியுமா?"

நான் தலையை ஆட்டினேன். தெரியாது என்று ஆட்டினேன். நீ சொன்னதை வாய் மூடிக் கேட்டுக்கொண்டிருந்தது ஒன்று. இந்தத் தலையாட்டல் இன்னொன்று. இதை இதுவரை நீயும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

மறுநாளிலிருந்து ஒன்பது நாள் உன்னை ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். காலையில் போய் பெஞ்சில் உட்கார வேண்டும், சாயங்காலம் அனுப்பிவிடுவார்கள். உன்னை வேலையிலிருந்து நிறுத்தி வைத்து உத்தரவு வந்தது. அந்த ஒன்பது நாளும் நான் ஆபீஸில் உட்கார்ந்து நகல் அடித்தேன். வராந்தாவில் செருப்புச் சத்தம் கேட்டால் அடித்த வரியையே மறுபடி அடிப்பேன். இன்று சொல்லிவிடுவாள், இன்று சொல்லிவிடுவாள் என்று உன்னைப் பார்த்தும் பயந்தேன். என்னைக் காப்பாற்றியவளைப் பார்த்தே பயப்பட முடியும் என்று அந்த நாட்களில்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் என் பாடத் தாள்கள் அத்தனையையும் தண்ணி காய்ச்சும் அடுப்பில் போட்டு எரித்தேன். "என்ன புள்ள எரிக்கறே?" என்று வீட்டுக்காரர் கேட்டார். "பழைய காயிதம்" என்றேன்.

பிள்ளை பிறந்து பதினாறாம் நாள் நீ பார்க்க வந்தாய். அப்போதும் உனக்கு வேலை திரும்பவில்லை. குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அதன் காதைத் தடவிக்கொண்டே இருந்தாய். நான் அழுதேன். அங்கே உன்னை என்ன செய்தார்கள் என்று கேட்டேன்.

"ஒண்ணும் பண்ணலீங்க்கா. தெனமும் அந்தக் காயிதத்தக் குடுத்துச் சத்தமாப் படிக்கச் சொன்னாங்க. வர்றவங்க போறவங்க எல்லாம் நின்னு பாப்பாங்க. ஒம்பது நாளும் படிச்சேன். எனக்கே மனப்பாடம் ஆயிருச்சு."

குழந்தையை என் கையில் கொடுத்துவிட்டு, "நல்லாத்தான் எழுதியிருக்கறீங்க்கா" என்றாய்.

வேறு எதுவும் அங்கே நடந்ததா, கண்ணு? நான் மறுபடி கேட்கவில்லை. நீ சொல்லிவிடுவாயோ என்று பயந்துதான் கேட்கவில்லை.

பிறகு உன்னை மறுபடி வேலையில் சேர்த்தார்கள். சர்வீஸ் புக்கில் ஒரு பக்கம் மட்டும் சேர்ந்துகொண்டது. அந்தப் பக்கத்தில் விடைத்தாளைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. அரசு இயந்திரத்தைச் சொந்த உபயோகத்துக்குப் பயன்படுத்தியது, அலுவலக ஒழுங்குக்கு மாறாக நடந்தது, கடும் கண்டனம், பதவி உயர்வு நிறுத்தம். இரண்டு பேர் உன்னைத் தாண்டி மேலே போனார்கள். அதில் ஒருத்தி நான். நான் உனக்கு மேலதிகாரியான அன்று, நீதான் எனக்கு ரோஜாப்பூ வாங்கி வந்தாய்.

ஆட்சிகள் மாறின. எல்லாம் முடிந்துபோன கதை என்று பேசிக்கொண்டார்கள். என் பயம் மட்டும் முடியவில்லை. நான் எருமப்பட்டிக்கு உன் வீட்டுக்கு வரும்போதெல்லாம் உன் அம்மா என்னிடம் ஒரே கேள்வியைக் கேட்பார்கள்.

"அவளுக்கு ஏஞ்சாமி அந்தப் புத்தி போச்சு? நீ மூத்தவ, பக்கத்துலயே இருந்தியே. ஒரு வார்த்த சொல்லித் திருத்தியிருக்கக் கூடாதா அம்முணி?"

நீ உள்ளேயிருந்து, "அம்மா, அக்காவுக்குக் காப்பி வெச்சாச்சு" என்று குரல் கொடுத்துப் பேச்சை மாற்றுவாய். நான் காப்பியைக் குடிப்பேன்.

பிறகு உனக்கு மஞ்சள் காமாலை வந்தது. சேலம் ஆஸ்பத்திரியில் பதினோரு நாள். கடைசியாக நான் பார்த்தபோது கண்ணெல்லாம் மஞ்சள். "வசந்திய பாத்துக்கோங்க்கா" என்றாய். அந்த விஷயத்தைப் பேச நல்ல சமயம் என்று எனக்குத் தோன்றியது. நர்ஸ் வந்தாள், எழுந்துகொண்டேன்.

இனி உனக்குத் தெரியாததைச் சொல்கிறேன்.

வேலையில் இருக்கும்போதே நீ போனதால், கருணை அடிப்படையில் வசந்திக்கு வேலை கேட்டு அம்மா மனுப் போட்டார்கள். கல்யாணம் ஆகாத தங்கை, டைப்ரைட்டிங் பாஸ் செய்தவள், உன் சம்பளத்தில் வளர்ந்தவள். கிடைக்க வேண்டியதுதான். போன தைக்குப் பிறகு ஒரு திங்கட்கிழமை அந்தக் கோப்பு மேலே போய்த் திரும்பி என் மேஜைக்கு வந்தது. நிராகரிப்புக் கடிதம் தயாரிக்க வேண்டியது என் வேலை. குறிப்பில் எழுதியிருந்தார்கள்: காலமான பணியாளர் ஒழுங்கு நடவடிக்கைக்கு உள்ளானவர், கண்டனம் பதிவாகியுள்ளது, ஆகையால் பரிந்துரைக்க இயலவில்லை.

அந்தக் குறிப்பை நான் எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. எந்தக் குறையும் இல்லை. விதி எண் சரி, கையெழுத்து சரி, முத்திரை சரி. சட்டம் என்றால் என்ன, நியாயம் என்றால் என்ன, இரண்டும் எங்கே பிரிகிறது என்று நாம் எட்டுப் பக்கப் பாடம் படித்தோமே. நீ ஓரத்தில் பென்சிலால் கோடு போட்டு வைத்திருந்தாய். அங்கே புரியாதது, அந்தக் கோப்பைக் கையில் வைத்திருந்தபோது புரிந்தது. அந்தக் கோப்பில் கையெழுத்துப் போட்டவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை. ஒருத்தி பேசாமல் இருந்தாள், அதன் மேல் எல்லோரும் முறைப்படி முத்திரை குத்திக்கொண்டே போனார்கள்.

கோப்பை இழுப்பறையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன். அந்த வாரம் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டுக்காரரிடம் சொன்னேன். எட்டு வருஷத்தில் அவருக்கும் சொன்னதில்லை. அவர் கையில் ஏறிய சிராயை ஊசியால் எடுத்துக்கொண்டிருந்தார். கேட்டு முடித்ததும் ஊசியைக் கீழே வைத்தார்.

"இத்தன நாளு கழிச்சு எதுக்குப் புள்ள? அந்தப் புள்ளயே போய்ச் சேந்துருச்சு."

"வசந்தி இருக்கறாளுங்க."

"வேல போயிருச்சுன்னா?"

"தெரியலீங்க."

"மறுபடியும் போலீசு கீலீசுன்னு வந்தா?"

"அதுதானுங்க பயமா இருக்குது."

பையன் வெளியே கோலி ஆடிக்கொண்டிருந்த சத்தம் கேட்டது. அவர் அந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அன்னிக்கு நீ சொல்லியிருந்தா அங்க பெஞ்சுல உக்காந்திருக்கறது நீ" என்றார். "இவன வயித்துல வெச்சுக்கிட்டு." அவர் என்னைச் சமாதானப்படுத்துகிறாரா, அல்லது உனக்கு நன்றி சொல்கிறாரா என்று தெரியவில்லை. கடைசியில், "எழுதறதுன்னா எழுதிப்போடு. எங்கிட்டக் கேட்டா நா வேண்டாம்னுதான் சொல்லுவேன். அதனால கேக்காத" என்றார்.

மறுநாள் எழுதினேன். அடிக்கவில்லை, கையாலேயே எழுதினேன். ஒன்றரைப் பக்கம். மூன்று தாள் வீணாயிற்று. அந்த விடைத்தாள் என்னுடையது, அடித்தவள் நான், சரஸ்வதி அடித்ததாக ஒப்புக்கொண்டது உண்மையல்ல, விசாரித்தபோது நான் தெரியாது என்று தலையசைத்தது பொய். இந்தக் கடைசி வாக்கியத்தை எழுதாமல் விட்டுவிடலாம் என்று தோன்றியது. உன்னையும், கேட்டவரையும், சிரஸ்தாரையும் தவிர வேறு யாருக்கும் தெரியாது. எழுதினேன்.

இப்போது இருக்கும் நீதிபதி புதிதாக வந்தவர், வயது முப்பதுக்கு மேல் இருக்காது. எழுதிய தாளை அவர் முன்னால் வைத்தேன். மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு முறை வாசித்தார்.

"இதை யாராவது சொல்லி எழுதினீங்களா?"

"இல்லீங்க ஐயா."

"இதனால உங்களுக்கு என்ன ஆகலாம்னு தெரியுமா?"

"தெரியுங்க ஐயா."

"எட்டு வருஷம் ஏன் சொல்லல?"

"பயமா இருந்துச்சுங்க."

"இப்ப பயம் போயிருச்சா?"

"இல்லீங்க ஐயா."

அவர் தாளைக் கோப்பில் வைத்துக் கட்டினார்.

பிறகு பத்தொன்பது நாள் ஒன்றும் நடக்கவில்லை. அந்த நாட்களைப் போல வாழ்க்கையில் நான் பயந்ததில்லை. கோர்ட்டுச் சேவகரான டவாலி தபால் கட்டோடு பிரிவுக்குள் நுழைந்தால் மேலே இருக்கிற உறையைத்தான் முதலில் பார்ப்பேன். பட்டறையில் வெள்ளைச் சட்டைக்காரர் யாராவது நின்றால் வீட்டுக்காரரைத் தேடி வந்திருக்கிறார்கள் என்று நினைப்பேன். எழுதியதைத் திரும்ப வாங்கிவிடலாமா என்றுகூட ஒரு நாள் நீதிபதி அறை வாசல்வரை போனேன். அதையும் உன்னிடம் மறைக்கப் போவதில்லை.

இருபதாம் நாள் இரண்டு காகிதம் வந்தது. ஒன்று எனக்கு மெமோ. ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று பதினைந்து நாளில் விளக்கம் தர வேண்டும், அடுத்த மாதம் சேலத்தில் விசாரணை. இன்னொன்று வசந்தியின் கோப்பு. புதிய ஆதாரத்தின் பேரில் மறுபரிசீலனைக்கு அனுப்பப்படுகிறது, பணியாளர்மீதான குறிப்பை நீக்கப் பரிந்துரைக்கப்படுகிறது. அதற்கான முகப்புக் கடிதத்தை அடிக்கச் சொல்லி என்னிடமே கொடுத்தார்கள். உன் பெயரை அடிக்கும்போது ஒரு பிழையும் வரவில்லை.

வேலை கிடைக்குமா என்று தெரியாது. கிடைக்கும் என்றுதான் டவாலி சொல்கிறார், அவர் சொல்வது பெரும்பாலும் நடக்கும். எனக்கு என்ன ஆகும் என்று அவரிடம் நான் கேட்கவில்லை.

ஆனால் சரசு, இதையெல்லாம்விட எனக்குப் பெரிய பயம் ஒன்று மிச்சம் இருக்கிறது. சேலம் விசாரணை அல்ல. உன் அம்மா. அவர்களுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. கோப்பு ஏதோ தடங்கலில் நின்று இப்போது நகர்கிறது என்று மட்டும் வசந்திக்குச் சொல்லியிருக்கிறேன். தன் மகள் புத்தி கெட்டுத் தன் வாழ்வைக் கெடுத்துக்கொண்டாள் என்றே அந்த அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்த மகளை எட்டு வருஷமாக மனசுக்குள் திட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்தத் திட்டு முழுக்க எனக்கு உரியது. அதை வாங்கிக்கொள்ளாமல் சேலத்தில் போய் நான் என்ன உண்மை சொல்வது?

ஆகவே உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். இது அச்சாகி வருவதற்கு முன்னால், வருகிற ஞாயிற்றுக்கிழமை, எருமப்பட்டிக்கு முதல் பஸ்ஸில் போகிறேன். அம்மா எப்போதும்போல, "வா அம்முணி, உள்ள வா" என்று கூப்பிடுவார்கள். நான் போக மாட்டேன். வாசலில் நின்றபடியே எல்லாவற்றையும் சொல்லிவிடுவேன், அந்தத் தலையாட்டல் உட்பட. அதற்குப் பிறகும் அவர்கள் கூப்பிட்டால் படியேறுவேன். கூப்பிடவில்லை என்றால், திரும்பி வருகிற பஸ் வரும்வரை அங்கேயே நிற்பேன்.

நீ கடைசிவரை அக்கா என்றே கூப்பிட்ட,
ராசாமணி